பிள்ளை எங்கே என்று கேட்கும் முன்

கல்முனைக் கரையின் உம்மாமாருக்கும் மாமிமாருக்கும் ஒரு திறந்த மடல்

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை இந்தக் கரையோரத்தில் பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் உம்மாமாரே, மகன்மாருக்குக் கலியாணம் முடித்துவைத்திருக்கும் மாமிமாரே,



பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. அதனால் அவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதமே “ஏதும் விசேசம் இல்லையா?” என்று கேட்பவர்கள் நீங்கள். ஒரு வருசம் போனதும் யாரோ சொன்ன தூளை வாங்கிவந்து, வெறும் வயிற்றில் குடி என்று நீட்டுபவர்களும் நீங்கள்தான். அன்பினால்தான் செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்பு பிழையான இடத்தில் செலவாகிறது என்பதே என் மனக்குறை.

நம் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கே பெண் மாமி வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கலியாணத்துக்குப் பிறகும் அவள் தின்பது உம்மாவின் அடுப்பில் வெந்த சோறு. மாமி இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் மாதக் கணக்கு அவர் வாயில் இருக்கிறது. அவள் என்ன சாப்பிடுகிறாள், வெளியே நடக்கப் போகலாமா, எந்த வைத்தியரிடம் போவது, புருசனும் கூடப் போவாரா என்பதையெல்லாம் பெரும்பாலும் நீங்கள் இருவருமே முடிவுசெய்கிறீர்கள். முடிவு உங்கள் கையில் இருப்பதால் கேள்வியும் உங்களிடமே வருகிறது.

முதலில் அந்தத் தூளைப் பற்றிப் பேசிவிடுவோம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரையைக் கறியில் கலந்தார்கள் என்று வதந்தி கிளம்பியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது, மாத்திரை என்று காட்டப்பட்டது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். நாமும் அதையே உரத்துச் சொன்னோம். ஒரு தட்டுச் சாப்பாடு மனிதரை மலடாக்காது என்று அன்று சொன்ன நாம், ஒரு போத்தல் தூள் நாற்பது நாளில் கருவைத் தந்துவிடும் என்று இன்று எப்படி நம்புகிறோம்? இரண்டும் ஒரே தப்புக்கணக்கு. முதலாவதால் நம் கடை நொறுங்கியது. இரண்டாவதால் நம் பெண்களின் காலம் வீணாகிறது.

பணம் மட்டும் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பொஸ்டன் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தன. ஈயம் கருவுறுதலையும் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளையையும் கெடுக்கும். பதிவுபெற்ற ஆயுர்வேத, யூனானி வைத்தியரிடம் ஆளைக் காட்டி மருந்து எடுப்பது வேறு விசயம். வட்ஸ்அப்பில் படம் பார்த்து, தயாரித்தவர் பெயரில்லாத போத்தலை வாங்குவதை நான் சொல்கிறேன். கருஞ்சீரகமும் தேனும் பேரீச்சம்பழமும் நல்ல சாப்பாடு, அளவோடு சாப்பிடட்டும். அவற்றையே வைத்தியம் என்று நம்பி ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அது மாதக்கணக்கில் மெதுவாக வேலைசெய்யும் தொடர்பு. அமெரிக்கத் தாதியரை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்றில், பிள்ளைக்கு முயன்ற 17,544 பெண்களை எட்டு வருசம் தொடர்ந்து கவனித்தார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஹோர்கே சவாரோவும் வால்டர் வில்லெட்டும் 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதத்தை அதிகம் எடுத்தவர்கள், சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்தவர்கள், வனஸ்பதி வகைக் கொழுப்பைத் தவிர்த்தவர்கள், விற்றமின் மாத்திரை எடுத்தவர்கள், அளவான எடையோடு உடலை அசைத்து வாழ்ந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தார்கள். இத்தகைய பழக்கங்களில் ஐந்தோ அதற்கு மேலோ உள்ள பெண்களுக்கு, சூல்முட்டை வெளிவராமல் ஏற்படும் குழந்தையின்மை 69 சதவீதம் குறைவாக இருந்தது. கவனியுங்கள்: சூல்முட்டை வெளிவராத கோளாறுக்கு மட்டுமே இந்தக் கணக்கு. தனியொரு பழமோ தூளோ இதைச் செய்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. பல பழக்கங்கள் சேர்ந்திருந்த இடத்தில்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது.

அந்தக் கோளாறுக்கு முக்கியக் காரணமான ஒன்று நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பி.சி.ஓ.எஸ். என்றும், சூலகத்தில் நீர்க்கட்டி என்றும் ஸ்கேன் தாளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேராசிரியர் சந்திரிகா விஜேரத்னவும் கூட்டாளிகளும் இலங்கையில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடையே செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் 6.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது. உலகளவில் 13 சதவீதம் வரையானோருக்கு அது உண்டு என்றும், அவர்களில் 70 சதவீதம் வரையானோருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. அது சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோனைக் கூட்டுகிறது. முட்டை முதிராமல் நிற்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. இனிப்பும் எடையும் உடற்பயிற்சியும் இந்தச் சங்கிலியில் நேராகக் கை வைக்கக் காரணம் இதுதான்.

உம்மாமாரே, இதன் அறிகுறிகளை முதலில் காண்பவர்கள் நீங்கள். மாதவிடாய் 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவதும், முகத்தில் முடி முளைப்பதும், கழுத்து மடிப்பில் கறுப்புப் படிவதும் பதினாறு பதினேழு வயதிலேயே தெரியும். கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று மறைத்து வைக்கிறீர்கள். அந்த வயதில் ஒருமுறை வைத்தியரிடம் காட்டியிருந்தால், இருபத்தைந்தில் அவள் இந்த அழுகை அழவேண்டி வந்திராமல் இருக்கலாம்.

இப்போது குசினிக்கு வருவோம். அம்பாறை நெல் விளையும் மாவட்டம். கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல் நம் பின்வாசலில் கிடக்கிறது. சோற்றை விடச் சொன்னால் இந்த மடலைக் கிழித்துப் போடுவீர்கள். நானும் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பிட்டு அல்லது பாண், பகலில் குவித்த வெள்ளைச்சோறு, இரவில் ரொட்டி அல்லது கொத்து என்று மூன்று வேளையும் மாவாகவே போகிறதே, அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். சோறு தட்டில் கால்வாசியாகட்டும்; தவிடு நீங்காத சிவப்பரிசியாக இருந்தால் இன்னும் நல்லது. பாதித் தட்டை முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணிச் சுண்டலும் மரக்கறியும் நிரப்பட்டும். மீதிக் கால்வாசியில் மீனோ முட்டையோ பயறோ இருக்கட்டும். கீரிமீனும் சூடையும் விலை கூடிய மீனல்ல, கரைவலையில் வருவது. பெரிய மீனைவிட அவற்றில் பாதரசம் குறைவு, நல்ல கொழுப்பு அதிகம். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆணத்தை யாரும் தடுக்கவில்லை. மற்ற நாட்களில் இரண்டு வேளையாவது பாசிப்பயறோ கௌபியோ பருப்போ இறைச்சியின் இடத்துக்கு வரட்டும்.

தேத்தண்ணீரை மறந்துவிடாதீர்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துக் கரண்டி. ஏறத்தாழ 40 கிராம். சேர்க்கும் சீனி நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டும் சோடாவும் தொதலும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயம் கீரையிலுள்ள இரும்பை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும். நோன்பு மாதத்தில் கஞ்சி நல்லது. அதன் பின்னால் வரிசையாக வரும் சமோசா, ரோல்ஸ், பலூடாதான் ஒரு மாதத்து நோன்பின் உடற்பலனை ஓர் இரவில் தின்றுவிடுகின்றன.

எல்லாப் பெண்களையும் மெலியச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். பட்டினி கிடந்து மெலிந்த பெண்ணுக்கும் முட்டை வெளிவருவது நின்றுபோகும். அவளுக்குச் சாப்பாடு கூடவேண்டும். எடை கூடியவளுக்கு இருபது கிலோ குறைத்தால்தான் விடிவு என்றும் இல்லை. 70 கிலோ உள்ள ஒருத்தி மூன்றரை கிலோ குறைத்தாலே, அதாவது ஐந்து சதவீதம் இறங்கினாலே, பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. 2023இல் திருத்தி வெளியிடப்பட்ட சர்வதேச பி.சி.ஓ.எஸ். வழிகாட்டல், இன்ன உணவுமுறைதான் மற்றதைவிடச் சிறந்தது என்று எதையும் உயர்த்தவில்லை. தொடர்ந்து கடைப்பிடிக்கக்கூடியதே நல்லது என்கிறது. அதனால் நம் ஆணமும் சுண்டலும் போதும். டப்பாவில் வரும் எதையும் வாங்கத் தேவையில்லை.

அடுத்தது நடை. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு வளவு இல்லாத வீட்டுத்திட்டங்கள் கிடைத்தன. தண்ணீர் அள்ளுவதும் மா இடிப்பதும் போய் மோட்டாரும் கிரைண்டரும் வந்தன. மருதமுனைத் தறியில் ஒருகாலத்தில் கையும் காலும் சேர்ந்து ஓடின. இன்று தையல் மெசினும் கைபேசியும் பெண்களை இருந்த இடத்திலேயே இருத்திவைத்திருக்கின்றன. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பை அசைக்கவேண்டும். நாளுக்கு அரை மணி என்று ஐந்து நாள் நடந்தால் கணக்கு நிறைந்துவிடும். ஆனால் எங்கே நடப்பாள்? கடற்கரைக்குத் தனியாகப் போனால் ஊர் பேசும். நீங்கள் கூடப் போனால் ஊர் என்ன பேசிவிடும்? ஸுப்ஹு தொழுதுவிட்டு உம்மாவும் மகளும், மாமியும் மருமகளும் சேர்ந்து நடந்தால் உங்கள் சீனி வியாதிக்கும் பிரசருக்கும் அதே மருந்து. கடற்கரையில் பெண்களுக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கும்படி பள்ளிவாசல் சபையிடமும் மாநகர சபையிடமும் சேர்ந்து போய்க் கேளுங்கள். உங்கள் வயதுப் பெண்கள் கேட்டால் மறுக்க அவர்களுக்கு நாவெழாது.

தூளுக்குப் பணம் கொடுக்கும் வீட்டில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாத்திரை பலநேரம் தீண்டப்படாமல் கிடக்கிறது. போலிக் அமிலம் அது. குழந்தையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக்குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது தாங்கள் முழுகாமல் இருப்பதே தெரியாது. எனவே பிள்ளைக்கு முயலும் நாளிலிருந்தே அந்த மாத்திரையைத் தொடங்கவேண்டும். புதுமணத் தம்பதியர் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் பதிந்தால் மாத்திரையும் கிடைக்கும், எடையும் பிரசரும் பார்ப்பார்கள், ருபெல்லாத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் விசாரிப்பார்கள். நம் வாசலுக்கு வரும் அந்த மிஸ்ஸை “இன்னும் ஒன்றும் இல்லை, பிறகு வாங்க” என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர் வரவேண்டிய நேரமே அதுதான்.

சாப்பாட்டால் ஆகாததையும் சொல்லவேண்டும். அடைபட்ட கருக்குழாயை எந்தக் கீரையும் திறக்காது. எண்டோமெற்றியோசிஸ் என்ற கருப்பை உட்சவ்வுக் கோளாறை எந்தக் கஞ்சியும் கரைக்காது. தைரோயிட் குறைந்திருந்தால் அதற்கு மாத்திரைதான் வேண்டும். வயது கூடக்கூட முட்டையின் எண்ணிக்கையும் தரமும் குறையும். 35க்குப் பிறகு வேகமாகக் குறையும். ஆகவே ஒரு வருசம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டும். பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதமே எல்லை. மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் காசு கேட்காத அரச ஆஸ்பத்திரிகள். தொடக்கப் பரிசோதனைகளை அங்கே கேட்டுப் பார்க்காமல் நேரே கொழும்புக்கு நகையை அடகு வைத்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒரு வருசத்தை நேர்மையாக எண்ணுங்கள். “கலியாணம் முடிச்சு நாலு வருசம்” என்கிறீர்கள். அந்த நாலு வருசத்தில் மாப்பிள்ளை கட்டாரிலோ சவூதியிலோ இருந்தது எத்தனை மாதம்? ஒரு மாதச்சுற்றில் கரு தங்கக்கூடியது முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான். இரண்டு மாத லீவில் வந்தவருக்கு அப்படி இரண்டு வாய்ப்புத்தான் கிடைக்கும். அதிலும் பாதி நாள் விருந்துக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்விடுகிறது. கடல் கடந்து இருக்கும் புருசனின் இல்லாமைக்கு வீட்டில் இருக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்குவது எந்த நியாயம்?

மாமிமாரே, இனி உங்கள் மகனைப் பற்றி. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இணைகளில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. சம்மாந்துறைப் போடியார் விதைநெல் முளைக்குமா என்று பாராமல் வயலை ஏசிக்கொண்டிருந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். வீட்டில் அதைத்தான் நாம் செய்கிறோம். அவளுக்குக் குழாய்ப் பரிசோதனை, ஊசி, மாதாமாதம் ஸ்கேன். அவருக்கு? இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துக் கொடுக்கும் விந்தணுப் பரிசோதனை ஒன்று தொடக்கத்துக்குப் போதும். வலியில்லை, செலவும் குறைவு. அதற்குக்கூட “என் மகனுக்கு என்ன குறை?” என்று தடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிகரெட், புகையிலை, கூடிய தொந்தி, ஜிம்மில் போடும் ஹோர்மோன் ஊசி எல்லாம் விந்தணுவைக் கெடுக்கும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும். அதனால் இன்று சிகரெட்டை விட்டவரின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். மருமகளுக்குச் சொல்லும் பத்தியத்தை மகனுக்கும் சொல்லுங்கள். இருவரும் ஒரே தட்டில்தானே சாப்பிடுகிறார்கள்.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இன்னொரு கலியாணத்துக்கு இடம் வைத்திருக்கிறது. மகன் ஒரு பரிசோதனைக்கும் போகாமல் இருக்கும்போதே அவனுக்கு இரண்டாவது பெண் தேடும் பேச்சு சில வீடுகளில் எழுகிறது. சட்டம் இடம் தரலாம், நியாயம் தருமா? குறை அவனிடம் இருந்தால் இரண்டாவது பெண்ணும் அதே பழியைச் சுமப்பாள்.

கடைசியாக, நாவு. பிள்ளையில்லாத பெண்ணின் மனச்சுமை எவ்வளவு என்று அலிஸ் டோமர் என்ற உளவியலாளர் 1993இல் அளந்து பார்த்தார். அவர்களின் பதற்றமும் சோர்வும் புற்றுநோயாளர், இருதய நோயாளரின் அளவுக்கு இருந்தன. புற்றுநோய் வந்த பெண்ணிடம் கலியாண வீட்டில் வைத்து “இன்னும் சுகமாகவில்லையா?” என்று கேட்பீர்களா? அஷ்ஷூறா அத்தியாயத்தின் 49ஆம், 50ஆம் வசனங்கள், யாருக்கு ஆண், யாருக்குப் பெண், யாருக்குப் பிள்ளையே இல்லை என்பது அல்லாஹ்வின் நாட்டம் என்கின்றன. ஆயிஷா நாயகிக்குப் பிள்ளை இல்லை. சகோதரியின் மகன் பெயரால் உம்மு அப்துல்லாஹ் என்று அழைக்கப்பட்டார். மார்க்கத்தை ஊருக்கே கற்பித்தார். அவரைக் குறைந்தவர் என்று சொல்ல உங்களில் யாருக்கு வாய் வரும்? அதே வாய் பக்கத்து வீட்டுப் பெண்ணை மலடி என்று எப்படிச் சொல்கிறது?

உம்மாமாரே, மாமிமாரே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பெயரில்லாத போத்தலை வீட்டுக்குள் விடாதீர்கள். அடுப்பில் சீனியையும் மாவையும் குறைத்து, கீரையையும் பயறையும் சின்ன மீனையும் கூட்டுங்கள். அதை வீடு முழுவதும் சாப்பிடட்டும். அவளோடு சேர்ந்து நடங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் பதியுங்கள். காலம் வந்தால் இருவரையும் சேர்த்து வைத்தியரிடம் அனுப்புங்கள். மகனின் பரிசோதனை முதலில் நடக்கட்டும். விசேசம் இருந்தால் அவளே உங்களிடம் ஓடிவந்து சொல்வாள். அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். துஆ மட்டும் செய்யுங்கள்.



இக்கரையில் பிறந்து வளர்ந்த உங்கள் மகள் ஒருத்தி